தாடை மூட்டு வலி: மெல்லும் தசை அளவுகள் ஏன் மாறுகின்றன?

வணக்கம். தாடை மூட்டு வலி உள்ள ஒரே நோயாளிக்கு இரண்டு நாளில் எடுத்த இ.எம்.ஜி. (தசையின் மின் செயல்பாட்டைப் பதியும் சோதனை) அளவுகள் ஏறக்குறைய இரு மடங்கு வித்தியாசப்படுகின்றன, கருவியில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் எலெக்ட்ரோடு (தோலில் ஒட்டும் மின்முனை) ஒட்டிய இடத்தைப் பாருங்கள். மாசெட்டர் எனும் கன்னத்து மெல்லும் தசையில் அது கொஞ்சம் நகர்ந்தாலே மைக்ரோவோல்ட்டில் வரும் அளவு மாறிவிடும். கண்ணின் வெளிமுனையிலிருந்து தாடைக் கோணம் வரை கோடு போட்டு, அடுத்த முறையும் அதே இடத்தில் ஒட்ட, அந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் தாளில் குறித்து வையுங்கள். தோலை ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். எலெக்ட்ரோடுகளின் மையங்களுக்கு இடையே 20 மில்லிமீட்டர் இருக்கட்டும்.

அப்புறம், வெறும் மைக்ரோவோல்ட்டை வைத்து ஆளுக்கு ஆள் ஒப்பிடாதீர்கள். கடைவாய்ப் பற்களுக்கு நடுவே பஞ்சுச் சுருள் வைத்து முழு பலத்தோடு கடிக்கச் சொல்லி, மற்ற அளவுகளை அதன் சதவீதமாகக் கணக்கிடுவதுதான் வழக்கம். ஆனால் வலி இருப்பவர் பெரும்பாலும் முழு பலத்தோடு கடிக்க மாட்டார். என் பார்வையில் பெரிய சிக்கலே இதுதான். வகுக்கும் எண் சிறுத்துவிடுவதால் ஓய்வு நிலை அளவுகூட பெரிதாகத் தெரியும். தசை இறுகியிருக்கிறது என்று தவறாக எழுதிவிடுவோம், பாவம், அவர் வலிக்குப் பயந்து மெதுவாகக் கடித்திருப்பார். கடிவிசை அளக்கும் கருவி கிடைத்தால், எல்லோரையும் வலிக்காத ஒரே சிறு விசையில் கடிக்கச் சொல்லி அதை அடிப்படையாக வையுங்கள். ஒவ்வொரு முறையும் வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.