கணவர் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்கிறார்

கேள்வி: அமெரிக்காவில் டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடியிருக்கிறோம். போன வருஷம்தான் கிரீன் கார்டு வந்தது. தீபாவளிக்குப் பிறகு எங்கள் தெருவில் இரண்டு இந்தியர் வீடுகளில் திருட்டுப் போய்விட்டது, நகைதான் குறி. அன்றிலிருந்து என் கணவர் கைத்துப்பாக்கி வாங்கியே தீருவேன் என்கிறார். மாதத்தில் பாதி நாள் அவருக்கு வெளியூர் வேலை. மகளுக்கு 15 வயது, மகனுக்கு 9. கொழுந்தனார் எம்.எஸ். படிக்க வந்து எங்களோடு இருக்கிறார். மாமனாரும் மாமியாரும் ஏப்ரலில் வருகிறார்கள். “இங்கே எல்லோரும் வைத்திருக்கிறார்கள், நீதான் வீணாகப் பயப்படுகிறாய்” என்கிறார் அவர். மகன் விளையாடப் போகிற நண்பன் வீட்டிலும் துப்பாக்கி இருக்கிறதாம். நான் வீணாகத்தான் பயப்படுகிறேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டெக்சஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வீணான பயம் இல்லை. வாங்க வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் கணவரும் இதைப் படிப்பார் என்று நினைத்துத்தான் காரணங்களை எழுதுகிறேன்.

முதலில் அவர் பக்கம். தெருவில் இரண்டு வீட்டில் திருட்டு நடந்தால் குடும்பத் தலைவருக்குத் தூக்கம் கெடத்தான் செய்யும். இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வருகிறவர்கள் அங்கே உண்டு. 2011 முதல் 2014 வரை ஒரு கும்பல் ஆசியக் குடும்பங்களின் பெயர், முகவரிகளைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, டெக்சஸ் உள்பட ஐந்து மாநிலங்களில் ஆயுதத்தோடு வீடு புகுந்து கொள்ளையடித்தது. அதை நடத்திய பெண்ணுக்கு 37 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஆகவே அவர் கற்பனையில் பயப்படவில்லை.

ஆனால் பெரும்பாலான திருட்டு அப்படி நடப்பதில்லை. 2003 முதல் 2007 வரை நடந்த வீட்டுத் திருட்டுகளை அமெரிக்க நீதித் துறையின் புள்ளிவிவரப் பிரிவு ஆராய்ந்தது. திருடன் வந்தபோது வீட்டில் ஆள் இருந்தது சுமார் 28 சதவீதத்தில்தான். வன்முறையில் போய் நின்றது 7 சதவீதம். மற்ற நேரங்களில் பூட்டிய வீட்டில் கிடக்கிற துப்பாக்கியால் என்ன பயன்? நகையோடு சேர்த்து அதையும் எடுத்துக்கொண்டு போவான். அது அடுத்து யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் அவர் யோசிக்க வேண்டும். மாதத்தில் பாதி நாள் அவர் ஊரில் இல்லை. அந்த ராத்திரிகளில் அதைக் கையில் எடுக்க வேண்டியவர் நீங்கள். உங்களுக்கோ அது வீட்டில் இருந்தாலே தூக்கம் வராது. அப்படியானால் அந்த நாட்களில் அது யாருக்காக இருக்கிறது?

வெளியிலிருந்து வருகிறவனை மட்டுமே நினைத்து வாங்குகிற பொருள் இது. ஆனால் வருஷம் 365 நாளும் அதோடு குடியிருக்கப் போவது நீங்கள் ஐந்து பேர்; மாமனார், மாமியார் வந்தால் ஏழு பேர். கணக்கைப் பாருங்கள். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், அதாவது பாதிக்கும் மேல். திருடனைப் பற்றிய பேச்சில் இந்த எண்ணிக்கை வருவதே இல்லை. ஒன்று முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் சாவுக்கு 2020-லிருந்து அங்கே முதல் காரணம் துப்பாக்கிதான். கார் விபத்தைத் தாண்டிவிட்டது.

உங்கள் மகளுக்கு ஏதோ பிரச்சினை என்று நான் சொல்லவில்லை. பதினைந்து வயசு எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். ஒரு மார்க், ஒரு தோழியோடு சண்டை, யாரோ போட்ட ஒரு படம், அப்பாவின் ஒரு சுடுசொல் - அந்த ஒரு மணி நேரம் உலகமே முடிந்ததுபோல் இருக்கும். மறுநாள் காலையில் அதுவே சின்னதாகிவிடும். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. பிழைத்தால் வாழ்ந்துவிடுகிறார்கள். துப்பாக்கியால் முயன்றால் பிழைப்பதற்கான வாய்ப்பு அனேகமாக இல்லாமல் போகிறது. அந்த மோசமான ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் கைக்கு எட்டுகிற தூரத்தில் அது இருக்கவே கூடாது என்று மருத்துவர்கள் மன்றாடுவது இதனால்தான். (உங்கள் வீட்டில் யாருக்காவது மனம் தாங்க முடியாத நாள் வந்தால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பிள்ளைகளுக்கும் அந்த எண்ணைச் சொல்லி வையுங்கள்.)

அடுத்தது மகன். “பூட்டி வைப்பேன், தொடக் கூடாது என்று சொல்லிவிடுவேன்” என்பார் அப்பா. எல்லா அப்பாக்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அட்லாண்டாவில் 8 முதல் 12 வயது வரையுள்ள 64 பையன்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2001-ல் வெளியானது. இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விளையாட விட்டார்கள். இழுப்பறையில், சுட முடியாதபடி செய்த நிஜத் துப்பாக்கி ஒன்று. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். 48 பையன்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை இழுத்தார்கள். தொட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல், துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி ஏற்கெனவே பாடம் கேட்டவர்கள்! உங்கள் மகன் நல்ல பையன்தான். அந்த 16 பேரும் நல்ல பையன்கள்தான்.

இப்போது கொழுந்தனார் விஷயம். உங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியிருப்பதாகத் தெரியவில்லை. இதுதான் மிக அவசரம். கிரீன் கார்டு இருப்பதால் உங்கள் கணவர் சட்டப்படி வாங்கலாம். மாணவர் விசாவில் இருப்பவர் அப்படியில்லை. எஃப்-1 (மாணவர்), எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பிகாரரின் குடும்பம்), சுற்றுலா விசா என்று தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. படிப்பு, விசா எல்லாமே போய்விடும். துப்பாக்கி அண்ணன் பெயரில் இருந்தாலும், பெட்டியின் சாவியோ ரகசிய எண்ணோ தம்பியிடம் இருந்தால், அவரும் “வைத்திருப்பவர்” என்று கருதப்படக்கூடும். சனிக்கிழமை நண்பர்களோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுப் படம் போடுகிற நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதே இல்லை. ஏப்ரலில் வருகிற மாமனார், மாமியாருக்கும் இதே விதிதான். கிரீன் கார்டுக்காரரையும் துப்பாக்கிக் குற்றத்துக்காக நாடு கடத்த முடியும். கடையில் நிரப்புகிற 4473 என்ற படிவத்தில் பொய் எழுதுவதே குற்றம். வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கட்டாயம் பாருங்கள்.

டெக்சஸில் வாங்குவது மிக எளிது. மாநில அனுமதி வேண்டாம், பதிவு வேண்டாம், காத்திருக்க வேண்டாம். கடையில் பின்னணிச் சோதனை முடிந்தால் பெரும்பாலும் அன்றைக்கே கையில் கிடைத்துவிடும். 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது நிரம்பிய பெரும்பாலோர் உரிமம் இல்லாமலே இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம். நம் ஊரில் கலெக்டர் அலுவலகம், போலீஸ் விசாரணை என்று அலைந்தாலும் கிடைக்காத பொருள் அங்கே இத்தனை சுலபமாகக் கிடைப்பதால், அது வீட்டுக்கு அவசியமான சாமான் என்றே மனசு நம்பத் தொடங்கிவிடுகிறது. அந்த மயக்கத்தில் உங்கள் கணவர் விழக் கூடாது. அதே டெக்சஸ் சட்டம், 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் கைக்கு நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக வைத்தவர் மீது வழக்குப் போடுகிறது. மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021-ல் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற பையனின் அப்பா, அம்மா இருவருக்கும் 2024-ல் பத்து ஆண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தத் துப்பாக்கியை வாங்கித் தந்தது அப்பாதான்.

மாமனார் வந்த முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். நேர மாற்றத்தில் ராத்திரி மூன்று மணிக்கு விழித்து, லைட் சுவிட்ச் எங்கே என்று தெரியாமல், சமையலறையில் தண்ணீர் தேடுவார். பாதித் தூக்கத்தில் எழுந்த உங்கள் கணவர் கையில் அப்போது துப்பாக்கி இருந்தால்? பயந்த மனிதனுக்கு இருட்டில் எல்லோரும் திருடன்தான். 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்குப் போன யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் தவறான வீட்டின் வாசலில் நின்றதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டான். குற்றவியல் வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார். சட்டம் மன்னித்தாலும் அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லையே.

சரி, அப்படியானால் என்ன செய்வது? தங்கத்தை வீட்டிலிருந்து வெளியேற்றுங்கள். திருடன் தேடி வருவது அதைத்தான். வங்கி லாக்கரில் வைத்து, விசேஷத்துக்கு மட்டும் எடுங்கள். ஆனால் லாக்கரில் இருப்பதற்கு வங்கியின் வைப்புத்தொகைக் காப்பீடு பொருந்தாது. சாதாரண வீட்டுக் காப்பீட்டிலும் நகைத் திருட்டுக்கு 1,500 டாலர் அளவில்தான் வரம்பு இருக்கும். நம் பெண்களின் ஒரு ஆரத்துக்கே அது காணாது. மதிப்பீட்டுச் சான்று வாங்கி, நகைகளைத் தனியாகக் காப்பீட்டில் சேருங்கள். கேமரா, அலாரம், நல்ல கதவுச் சட்டம், அசைவு தெரிந்தால் எரிகிற வாசல் விளக்கு - இதற்கெல்லாம் ஆகிற செலவு ஒரு துப்பாக்கியும் பெட்டியும் வாங்குகிற செலவைவிடப் பெரிதாகத் தாண்டாது. ஊருக்குப் போகும்போது விமான நிலையப் படத்தை அன்றைக்கே போடாதீர்கள். மாவிலைத் தோரணத்தைக் கழற்று, இந்தியர் வீடு என்று தெரியக் கூடாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டாம். உங்கள் வாசல் உங்களுக்கு வேண்டியபடி இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகும் அவர் வாங்கினால், சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். தரையோடோ சுவரோடோ பிணைத்த இரும்புப் பெட்டி வேண்டும். தோட்டா வேறொரு பூட்டில். ரகசிய எண் அவருக்கு மட்டும். பிறந்த நாளும் கல்யாண நாளும் எண்ணாகக் கூடாது. முறையான பயிற்சி முடிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது. வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு, குடிப்பழக்கம், பெரிய சண்டை என்று வந்தால் அன்றைக்கே அது வீட்டை விட்டு வெளியே போக வேண்டும்.

கடைசியாக, மகன் விளையாடப் போகிற வீடு. அமெரிக்காவில் பத்தில் நான்கு பேர் துப்பாக்கி உள்ள வீட்டில் வாழ்கிறார்கள். டெக்சஸில் கேட்கவே வேண்டாம். அதனால் போகாதே என்று சொல்லி நட்பை முறிக்க வேண்டியதில்லை. அந்தப் பையனின் அம்மாவுக்கு ஃபோன் செய்து, வேர்க்கடலை ஒவ்வாமையைச் சொல்கிற அதே குரலில் கேளுங்கள்: “உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், பூட்டி வைத்திருக்கிறீர்களா, தோட்டா தனியாக இருக்கிறதா?” அந்த ஊரில் பெற்றோர் கேட்டுக்கொள்கிற கேள்விதான் இது, குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள். பொறுப்பானவர்கள் நேராகப் பதில் சொல்வார்கள். மழுப்பினாலோ கோபப்பட்டாலோ, அந்தப் பையனை இனி உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.