ஸ்பிளின்டர் செல் வரிசை: எது முதலில், ஏன்?

இருளில் மறைந்து நகரும் ஒற்றன் ஒருவனை நாம் இயக்கும் வீடியோ விளையாட்டுகளான ஸ்பிளின்டர் செல் வரிசையை நீங்கள் எப்படித் தரவரிசைப்படுத்துவீர்கள், புதிதாக வருபவர் எதில் தொடங்கலாம் என்பது கேள்வி. என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலிடம் கேயாஸ் தியரிக்கு. அடுத்து 2002இல் வெளியான முதல் ஸ்பிளின்டர் செல். மூன்றாவது டபுள் ஏஜென்ட், ஆனால் பிளேஸ்டேஷன் 2இலும் பழைய எக்ஸ்பொக்ஸிலும் வந்த வடிவம் மட்டும். அதன்பின் பிளாக்லிஸ்ட், பண்டோரா டுமாரோ, கன்விக்ஷன் என்ற ஒழுங்கு. கணினிக்கு வந்த டபுள் ஏஜென்டைக் கடைசியில் வைக்கிறேன். பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவியில் வந்த எசென்ஷல்ஸை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கதை, கிராபிக்ஸ், துப்பாக்கிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு நான் அளக்கவில்லை. இருளையும் ஓசையையும் ஆட்டக்காரரின் கையில் எந்த அளவுக்கு நம்பிக் கொடுக்கிறது என்பதே என் அளவுகோல். இந்த அளவுகோலுக்கு ஒரு காரணம் உண்டு. நான் யுத்த காலத்தில் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் வளர்ந்தவன். இருட்டிய பின் ஒழுங்கையில் இறங்குவதென்றால் கையில் டோர்ச் லைட்டாவது அரிக்கன் லாம்பாவது இருக்க வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்களின் கண்டிப்பான கட்டளை. வழி தெரிவதற்காக மட்டும் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. வருவது யார் என்று தூரத்தில் நிற்பவனுக்குத் தெரிய வேண்டும், வெளிச்சம் இல்லாமல் வருபவன் மீதுதான் சந்தேகம் முதலில் விழும் என்பதற்காகவே சொன்னார்கள். அப்படி வளர்ந்த ஒருவனுக்கு, இருட்டைப் பாதுகாப்பான இடமாக ஆக்கித் தந்து, அதற்குள் ஆறுதலாக நின்று யோசிக்க விட்ட விளையாட்டு எவ்வளவு பெரிய காரியமாகத் தெரிந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

2002 நவம்பரில் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் மொன்றியல் பிரிவு எக்ஸ்பொக்ஸுக்காக வெளியிட்ட முதல் விளையாட்டில் இந்த எண்ணம் ஏறக்குறைய முழு உருவம் பெற்றுவிட்டது. நாவலாசிரியர் டொம் கிளான்சியின் பெயர் அட்டையில் இருந்தாலும் கதையை எழுதியவர் ஜே. டி. பெட்டி. அமெரிக்க உளவு நிறுவனமான என்எஸ்ஏயின் இரகசியப் பிரிவு ஒன்றுக்கு வேலை செய்யும் சாம் ஃபிஷர், திபிலிசி நகரில் தொடங்கி ஜோர்ஜிய ஜனாதிபதி நிக்கோலாட்சேயைப் பின்தொடர்கிறார். திரையின் மூலையில் இருக்கும் சிறிய ஒளிமானி, நாம் எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறோம் என்பதைக் காட்டிக்கொண்டே இருக்கும். மின்குமிழைச் சுட்டு உடைக்கலாம், ஆளியை அழுத்தி அணைக்கலாம், அல்லது அதன் வெளிச்சம் எட்டாத ஒரு கீற்றைத் தேடி அதிலேயே நகரலாம். அதற்கு முன்பும் மறைந்து செல்லும் விளையாட்டுகள் இருந்தன. 1998இல் வந்த தீஃப் நிழலை ஏற்கெனவே ஆயுதமாக்கியிருந்தது. என்றாலும், ஜன்னல் சட்டத்தின் நிழல் தரையில் விழுந்து, அதே நிழல் சாமின் முதுகின் மேலும் நகர்ந்து செல்வதைப் பார்த்தது எனக்கு இதில்தான்.

கணினியில் விளையாடியவர்களுக்கு ஒரு விடயம் நன்றாக நினைவிருக்கும். நடையின் வேகத்தை மவுஸின் சக்கரத்தைச் சுழற்றித்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொரு சொடுக்குக்கும் வேகம் சற்றுக் குறையும் அல்லது கூடும். காவலாளி ஒருவனின் முதுகுக்குப் பின்னால் சக்கரத்தைக் கீழே உருட்டி, காலடி ஓசை கேட்காத வேகத்துக்கு வந்து, பிறகு விரலை அசைக்காமல் வைத்திருக்கும் அந்தக் கட்டுப்பாட்டைப் பின்னாளில் வந்த எந்த கன்ட்ரோலரிலும் நான் அதே நுணுக்கத்துடன் உணரவில்லை. இன்னொன்று, எண்பூட்டுக் கதவுகள். காவலாளி இலக்கங்களை அழுத்திவிட்டு உள்ளே போன உடனேயே வெப்பக் காட்சிக்கு மாறிப் பார்த்தால், அவன் விரல் பட்ட பொத்தான்களில் சூடு இன்னும் மிஞ்சியிருக்கும். மிக மங்கலானது முதலில் அழுத்தியது, மிகப் பிரகாசமானது கடைசியில் அழுத்தியது. அந்த நிறங்கள் ஆறுவதற்குள் ஒழுங்கைப் படித்துவிட வேண்டும். இப்படியொரு யோசனையை 2002இல் விளையாட்டுக்குள் வைத்தவர்களை இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் அந்த விளையாட்டு கண்டிப்பு மிக்கது. பல கட்டங்களில் எச்சரிக்கை மணி மூன்று முறை ஒலித்தால் பணி தோல்வி. சிஐஏ தலைமையகக் கட்டத்தில் யாரையும் கொல்லக் கூடாது. இது பொருத்தமான விதி, அதை நான் விரும்புகிறேன். எனினும் வேறு சில இடங்களில் அதே விளையாட்டு நம்மை ஒரு மூலைக்குள் தள்ளித் துப்பாக்கியால் வழி திறக்கச் சொல்கிறது. முதலிடம் கை நழுவியது இந்த முரணால்தான்.

அந்த முரணைத் தீர்த்த விளையாட்டுத்தான் 2005 மார்ச்சில் வந்த கேயாஸ் தியரி. கிளின்ட் ஹொக்கிங்கின் படைப்பு வழிகாட்டலில் மொன்றியல் குழுவே இதைச் செய்தது. ஒளிமானிக்குக் கீழே ஓசைமானி ஒன்றை வைத்தார்கள். அதில் நாம் எழுப்பும் ஓசை மட்டுமல்லாமல், அந்த இடத்தில் ஏற்கெனவே இருக்கும் ஓசையின் அளவும் ஒரு குறியாகத் தெரியும். நம் காலடி அந்தக் குறியைத் தாண்டாதவரை யாருக்கும் கேட்காது. மார்கழி மழை தகரக் கூரையில் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாதல்லவா, அதைத்தான் அவர்கள் ஒரு விதியாக மாற்றியிருந்தார்கள். முதல் கட்டம் நடப்பது பெரு நாட்டுக் கரையோரத்தில் உள்ள வெளிச்சவீடு ஒன்றில், கொட்டும் மழையில். மழையில் நிற்கும்போது மானியின் குறி உயர்ந்து நிற்கும், சற்று வேகமாகவே நடக்கலாம். குகைக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ நுழைந்ததும் குறி சட்டென்று இறங்கிவிடும். அதே வேகத்தில் இன்னும் இரண்டு அடி வைத்தால் காவலாளியின் தலை திரும்பும். இதை எந்த எழுத்துக் குறிப்பும் கற்றுத்தருவதில்லை, மழைதான் கற்றுத்தருகிறது. (பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்துப் பொடியன்களுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு தனிப் பற்று உண்டு.)

வெளிச்சத்தைக் கையாளும் வழிகளும் இதில் கூடின. கைத்துப்பாக்கியுடன் இணைந்த ஒரு கருவி, விளக்கையோ கமராவையோ உடைக்காமல் சில நொடிகளுக்கு மட்டும் செயலிழக்கச் செய்யும். உடைந்த குமிழைக் கண்டால் காவலாளிகள் விழிப்படைவார்கள், டோர்ச் அடித்துத் தேடுவார்கள். தானாக அணைந்து தானாக எரிந்த விளக்கைப் பற்றி முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மணி எத்தனை முறை ஒலித்தாலும் பணி அதனால் முடிந்துவிடாது. காவல் இறுகும், கட்டத்தின் முடிவில் கிடைக்கும் சதவீத மதிப்பெண் குறையும். விரும்பியபடி தவறவும் திருந்தவும் இடம் கொடுத்ததனால்தான், ஒருவரும் காணாமல் நூறு சதவீதத்துடன் வெளியேறும் ஆசை ஆட்டக்காரருக்குத் தானாகவே பிறந்தது. எனக்கு மிகப் பிடித்த கட்டம் பனாமா நகர வங்கி. கூரைக் கண்ணாடி வழியாகவும் இறங்கலாம், முற்றத்தின் ஓரமாகவும் நுழையலாம். லேசர் கதிர்கள், கமராக்கள், காவலர் அறை ஆகிய ஒவ்வொன்றுக்கும் பல விடைகள் உண்டு. எல்லா விடைகளும் நியாயமானவை.

பிடித்துவைத்த காவலாளியை விசாரிக்கும் உரையாடல்களில் சாமுக்குக் குரல் கொடுத்த மைக்கேல் ஐயன்சைட்டின் கரகரப்பும், மிரட்டலுக்குள் ஒளிந்திருக்கும் நகைச்சுவையும் வேறு எவருக்கும் வாய்க்கவில்லை. இசை அமொன் டோபினுடையது. நாம் மறைவில் இருக்கும்வரை அடங்கி ஒலிக்கும் தாளம், யாராவது கண்டுவிட்டால் அடுக்கடுக்காக எழும். கதையின் உச்சத்தில், பழைய நண்பன் டக்லஸ் ஷெட்லன்ட் டோக்கியோவில் கூரை மேல் எதிரில் நிற்கிறான். சுடலாம், துப்பாக்கியை இறக்கலாம். எதைச் செய்தாலும் அவன் உயிர் பிழைப்பதில்லை. ஆனால் துப்பாக்கியை இறக்கியவருக்கும் இறக்காதவருக்கும் சாம் வேறு வேறு மனிதனாகத் தெரிவான்.

இருவர் சேர்ந்து விளையாடும் தனிக் கட்டங்களும் இதில் உண்டு. ஒருவர் தோளில் மற்றவர் ஏறி மதில் தாண்டுவது, ஒருவர் விளக்கை அணைக்க மற்றவர் கடந்து போவது என எல்லாமே பொறுமைக்கான பயிற்சி. கல்முனையில் இருக்கும் என் மச்சானுடன் இரண்டு கணினிகளை வயரால் இணைத்து இதை விளையாடினோம். "மச்சான், நீ அசையாம இரி, அவன் இப்ப திரும்புவான்" என்று அவன் உண்மையிலேயே குசுகுசுத்துச் சொல்வான். விளையாட்டுக்குள் இருக்கும் காவலாளிக்கு எங்கள் குரல் கேட்காது என்று இருவருக்குமே தெரியும்.

டபுள் ஏஜென்டைப் பற்றிப் பேசும்போது பலர் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். 2006இல் இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு விளையாட்டுகள் வந்தன. எக்ஸ்பொக்ஸ் 360க்கும் கணினிக்கும் ஷங்ஹாய் பிரிவு ஒன்றைச் செய்தது. பிளேஸ்டேஷன் 2, பழைய எக்ஸ்பொக்ஸ் போன்றவற்றுக்கு மொன்றியல் பிரிவு வேறொன்றைச் செய்தது. மகளை இழந்த சாம், ஒரு பயங்கரவாதக் குழுவுக்குள் கைதி வேடத்தில் நுழைந்து, இரு தரப்பின் நம்பிக்கையையும் காக்க வேண்டும் என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்றே. ஆனால் கட்டங்கள் வேறு. கணினி வடிவத்துக்கு ஷேடர் 3.0 என்ற வரைகலை வசதி உள்ள கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம் என்பதால், எங்கள் பக்கத்தில் அப்போதிருந்த பெரும்பாலான கணினிகளில் அது திறக்கவே இல்லை. பிறகு கிடைத்து விளையாடியபோது ஓசைமானி இல்லை. ஒளிமானி பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற ஒரு சிறு விளக்காகச் சுருங்கியிருந்தது. கின்ஷாசா போன்ற பட்டப்பகல் கட்டங்களில் நிழலுக்கு வேலையே இல்லை. மொன்றியல் வடிவம் கேயாஸ் தியரியின் இரண்டு மானிகளையும் அப்படியே வைத்திருந்தது. தன் மேலதிகாரி லம்பேர்ட்டைச் சுடுவதா, தன் வேடத்தைக் கலைப்பதா என்று சாம் நிற்கும் இடத்தின் கனம் அதில்தான் எனக்கு முழுமையாகக் கிடைத்தது.

2013இல் ரொறன்ரோ பிரிவு தந்த பிளாக்லிஸ்ட்டை நான்காவதாக வைப்பதில் சிலருக்கு மனத்தாங்கல் வரலாம். ஐயன்சைட்டின் குரல் அதில் இல்லை, எரிக் ஜோன்சன் பேசியிருக்கிறார். அந்த இழப்பு பெரியது. ஆனால் யாரையும் தொடாமல் போவது, மறைந்திருந்து தாக்குவது, நேரே மோதுவது என்ற மூன்று வழிகளுக்கும் தனித்தனி மதிப்பெண் வைத்து, முதல் வழிக்கு உண்மையான இடம் ஒதுக்கியது. மிகக் கடினமான நிலையில் விளையாடினால் பழைய பொறுமையை அது மறுபடியும் கேட்கிறது.

பண்டோரா டுமாரோ 2004இல் வந்தது. கிழக்குத் தீமோர், இந்தோனேசியா என்று எங்கள் காற்றின் ஈரம் உள்ள நிலங்களில் பல கட்டங்கள் நடப்பதும், பாரிஸிலிருந்து நீஸ் நகருக்கு ஓடும் ரயிலின் வெளிப்புறத்தில் தொங்கிச் செல்லும் கட்டமும் அருமை. இருவர் ஒற்றர்களாகவும் இருவர் கூலிப்படையினராகவும் மோதும் பல்லாட்டக்காரர் முறையைத் தொடக்கிவைத்த பெருமையும் இதற்குத்தான் உரியது. தனி ஆட்டத்தில் முதல் விளையாட்டை விடப் பெரிதாக எதையும் அது சேர்க்கவில்லை.

2010இன் கன்விக்ஷன் அழகானது. மறைவில் நின்றால் திரை கறுப்பு வெள்ளையாவதும், பணியின் நோக்கம் சுவரில் எழுத்தாக விழுவதும் துணிச்சலான யோசனைகள். ஆனால் வீழ்த்தியவரின் உடலைத் தூக்கி மறைக்கவே முடியாத ஒரு ஸ்பிளின்டர் செல் என் மனத்தில் பாதி விளையாட்டுத்தான். குறிவைத்து ஒரே பொத்தானில் பலரை வீழ்த்தும் வசதி, காத்திருப்பதை வீண்வேலை ஆக்கிவிடுகிறது.

புதிதாகத் தொடங்குபவர் நேரே கேயாஸ் தியரிக்கே போகலாம். முன்கதை தெரியாவிட்டாலும் எதுவும் குறையாது. அதன் பிறகு முதல் விளையாட்டுக்குத் திரும்புங்கள். முதல் விளையாட்டையும் பண்டோரா டுமாரோவையும் இன்றைய கணினியில் ஓட்டினால், புதிய கிராபிக்ஸ் கார்ட்களில் சில வெளிச்சங்களும் நிழல்களும் சரியாகத் தோன்றாத ஒரு கோளாறு உண்டு. அப்படியே விளையாடினால் ஒளிமானி ஒன்று சொல்லும், கண் வேறொன்று காணும். ரசிகர்கள் உருவாக்கிய திருத்தக் கோப்புகள் இதைச் சரிசெய்கின்றன. அவற்றைப் போட்ட பிறகே தொடங்குங்கள். முதல் விளையாட்டை ரொறன்ரோ பிரிவு புதிதாக உருவாக்குவதாக 2021 டிசம்பரில் யூபிசாஃப்ட் அறிவித்தது. அதில் நான் எதிர்பார்ப்பவை இரண்டு: கேயாஸ் தியரியின் ஓசைமானி, நடை வேகத்துக்கு அந்த மவுஸ் சக்கரம்.