வண்ணமீனும் சுங்க வரியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்கா பல நாடுகளின் சரக்குகள் மீது வரியை உயர்த்தியதிலிருந்து, எங்களுக்கு மீன் அனுப்பும் சென்னை மொத்த வியாபாரி நியான் டெட்ரா, டிஸ்கஸ் எல்லாம் விலை ஏறும் என்று சொல்லி வருகிறார். தாய்லாந்திலிருந்து இந்தியாவுக்கு வரும் மீனை அமெரிக்க வரி எப்படிப் பாதிக்கும்?
- வண்ணமீன் கடை நடத்தும் வாசகர், கும்பகோணம்

பதில்: நேரடியாகப் பாதிக்காது. சரக்கு எந்த நாட்டுக்குள் நுழைகிறதோ, அந்த நாட்டு இறக்குமதியாளர் தம் அரசுக்குச் செலுத்துவதுதான் சுங்க வரி. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா ஆகியவற்றின் சரக்குகளுக்கு 19 விழுக்காடும், இலங்கைக்கு 20 விழுக்காடும், சிங்கப்பூருக்கு 10 விழுக்காடும் விதித்தபோது, அதைக் கட்டியவர்கள் அமெரிக்க இறக்குமதியாளர்களே. உயிருள்ள அலங்கார மீனுக்கு அதுவரை அங்கே சுங்க வரியே இல்லாதிருந்ததால், அந்நாட்டுக் கடைக்காரர்களுக்கு அது பெரிய அடியாக விழுந்தது. உங்கள் கடைக்கு வரும் மீன் மீது விழுவது இந்திய வரி மட்டுமே.

அந்த இந்திய வரியின் கணக்கை நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வியாபாரி சொல்லும் விலை உயர்வு நியாயமானதா என்பதை அதைக்கொண்டே எடைபோட முடியும். நம் நாட்டில் பொருளின் விலையோடு சரக்குக் கட்டணத்தையும் காப்பீட்டையும் கூட்டி, அந்தத் தொகை மீதுதான் வரி போடுகிறார்கள். வண்ணமீனைப் பொறுத்தவரை பெட்டியின் எடையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், விமானக் கட்டணம் மீனின் விலையையே தாண்டிவிடுவதுண்டு. ஆனால் விமானத்தில் வரும் சரக்குக்கு உண்மையான கட்டணம் எவ்வளவாக இருந்தாலும், பொருளின் விலையில் 20 விழுக்காட்டுக்கு மேல் வரிக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. மீன் வியாபாரத்துக்கு இந்த வரம்பு பெரிய துணை.

ஒரு மீனின் விலை 10 ரூபாய், விமானக் கட்டணம் 15 ரூபாய் என்று கொள்வோம். காப்பீட்டை விட்டுவிட்டால், வரிக்குரிய மதிப்பு 25 ரூபாய் அன்று, 12 ரூபாய்தான். கணக்குக்காக அடிப்படை வரியை 30 விழுக்காடு என்று வைத்தால் 3 ரூபாய் 60 காசும், அந்த வரியில் பத்தில் ஒரு பங்காகிய சமூக நலக் கூடுதல் வரி 36 காசும் சேர்ந்து, ஏறத்தாழ 4 ரூபாய் ஆகிறது. மீன் சென்னைக்கு வந்து சேரும்போது அடக்கவிலை 29 ரூபாய். வழியிலும் தனிமைப்படுத்தும் தொட்டியிலுமாக நூற்றுக்கு 15 மீன் செத்துப்போனால், பிழைத்த ஒவ்வொரு மீனின் அடக்கமும் 34 ரூபாயாக உயர்கிறது. அதாவது, வரி ஏற்றிய தொகையைவிடச் சாவு ஏற்றிய தொகை அதிகம். எனவே, விலை ஏற்றத்துக்கு வரியை மட்டும் காரணம் காட்டுபவரிடம், பெட்டிக்கு எத்தனை மீன் சாகிறது என்று அவசியம் கேளுங்கள்.

மறைமுகமான பாதிப்புகள் வேறு. பட்டியல் விலை பெரும்பாலும் டாலரில் இருப்பதால், ரூபாயின் மதிப்பு சரிந்தால் அதே மீன் விலை கூடிவிடும். அமெரிக்காவில் விற்பனை குறைந்த பண்ணைகள், தேங்கிய மீனைச் சிறிது காலம் மலிவாகவும் தள்ளிவிடக்கூடும். ஆனால் நான் உண்மையில் அஞ்சுவது விலையைப் பற்றியன்று, வகைகளைப் பற்றியே. செலவு கூடும்போது இறக்குமதியாளர் முதலில் கைவிடுவது மெதுவாக விற்கும் அரிய மீன்களைத்தான். பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்றங்கரையில் பார்செலோஸ் என்ற ஊரைச் சுற்றியுள்ள மக்கள், கார்டினல் டெட்ராவைக் கையால் பிடித்து விற்றுப் பல தலைமுறையாகப் பிழைக்கிறார்கள். காட்டை அழிக்காமல் வாழ அவர்களுக்குக் கிடைத்த வழி அது. அந்த மீன் எந்த நாட்டு விமான நிலையம் வழியாகப் போனாலும், அது பிறந்த நாட்டை வைத்தே அமெரிக்காவில் வரி கணக்கிடப்படும். தொலைதூரத்தில் போடப்படும் ஒரு வரி அந்தக் குடும்பங்களின் அடுப்பு வரைக்கும் எட்டுகிறது.

கேள்வி: வயலை ஒட்டிய குளத்திலும் சிமெண்ட் தொட்டிகளிலும் கப்பி, மோலி வளர்க்கிறேன். ஏற்றுமதி செய்யலாம் என்று எண்ணியிருந்த வேளையில் இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி என்று செய்தி வந்தது. இனி இதில் இறங்கலாமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: 2025 ஆகஸ்ட் 7 முதல் 25 விழுக்காடு, 27 முதல் மேலும் 25 விழுக்காடு என்றுதான் அந்த 50 வந்தது. இத்தகைய விகிதங்கள் ஓர் அறிவிப்பில் ஏறி இன்னோர் அறிவிப்பில் இறங்குபவை என்பதால், அவற்றை நம்பித் தொழிலைத் தொடங்கவும் வேண்டாம், கைவிடவும் வேண்டாம். நாகப்பட்டினம் பக்கத்து இறால் பண்ணைக்காரர்களுக்கு அமெரிக்காவே முதன்மைச் சந்தை என்பதால், அவர்கள் பட்ட பாடு வேறு. உங்கள் சந்தை கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருக்கிறது, அம்மா. இறக்குமதி மீன் மீதுள்ள நம் நாட்டு வரி, உள்ளூரில் மீன் வளர்க்கும் உங்களுக்கு ஒரு வேலிபோல நிற்கிறது.

கடைமடைப் பகுதியின் சற்று உப்பேறிய, கடினமான நிலத்தடி நீர் டெட்ராவுக்கும் டிஸ்கஸுக்கும் ஆகாது. கப்பிக்கும் மோலிக்கும் அது ஒத்துப்போகும் என்பதால், நீங்கள் தேர்ந்த மீன்கள் சரியானவையே. வயலின் வடிகால் நீரை மட்டும் எந்நிலையிலும் குளத்தில் விடாதீர்கள். பூச்சிமருந்து கலந்த நீர் ஒரே இரவில் குஞ்சுகளை அழித்துவிடும். சீர்காழியில் உள்ள ராஜீவ் காந்தி நீருயிரி வளர்ப்பு மையத்திலும், நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்திலும் ஆலோசனை கேளுங்கள். 2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ணமீன் வளர்ப்புக்கும் இடமுண்டு. அதில் பெண்களுக்கான மானியம் 60 விழுக்காடு என்று வகுக்கப்பட்டிருந்தது. இப்போதைய நிலையை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன் திருச்சி விமான நிலையம் வழியாக வரும்போது, பெட்டியில் இரண்டு கோய் கெண்டையும் ஓர் ஆசிய அரோவானாவும் கொண்டுவந்தால் வரி மிச்சமாகுமா?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: கூடவே கூடாது. உயிர்மீன் கொண்டுவர மத்திய அரசின் முன் அனுமதி, ஏற்றுமதி நாட்டின் நோயின்மைச் சான்று, வந்தபின் தனிமைப்படுத்தல் ஆகிய மூன்றும் வேண்டும். அதற்கான கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையம் சென்னையில் இருக்கிறது, திருச்சியில் இல்லை. கோய் ஹெர்பிஸ் நச்சுயிரி கோய் மீனை மட்டுமன்றி, அதே இனமான நம் சாதாக்கெண்டையையும் கொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளமும் வாய்க்காலும் ஒன்றாகிவிடும் நம் பகுதியில், ஒரு வீட்டுத் தொட்டியின் நோய் பல ஊர்க் குளங்களுக்குப் பரவிவிடும். ஆசிய அரோவானா, அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. உள்நாட்டில் வாங்கினாலும், 2024ஆம் ஆண்டின் விதிகளின்படி அதை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பணம் கொடுக்கும் முன்பே கடைக்காரரிடம் அதற்குரிய ஆவணங்களைக் கேட்டுப் பெறுங்கள்.