ஈசிஜி நார்மல், நெஞ்சு மட்டும் ஏன் அடங்கவில்லை? பதற்றம் பற்றி டெல்டா வாசகர்களின் கேள்விகள்

மூன்று மாதத்தில் நாலு தடவை நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரலெல்லாம் மரத்துப்போய் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். நாலு தடவையும் ஈசிஜி நார்மல். ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றுமில்லை என்றால் இது என்ன? (திருவாரூர், ஆண், 34)

இதயத்தில் ஒன்றுமில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு வந்தது அநேகமாக பேனிக் அட்டாக், அதாவது பீதித் தாக்கம். ஆபத்தே இல்லாத நேரத்தில் உடம்பு அபாய மணியை அடித்துவிடுகிறது. அட்ரினலின் பாய்ந்து இதயம் வேகமெடுக்கும், மூச்சு மேலோட்டமாக இரைக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகிறது. உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பு, விரல் மரத்தல், கிறுகிறுப்பு எல்லாம் அதனால்தான். சிலருக்கு விரல் கோணி இழுத்துக்கொள்ளும். பக்கவாதம் என்று வீடே அலறும். மூச்சு முட்டுவது காற்று போதாமல் இல்லை, காற்று கூடிப்போய்.

ஆகவே பக்கத்தில் இருப்பவர் ‘நல்லா இழுத்து மூச்சு விடு’ என்று சொல்வது எரிகிற அடுப்பில் விறகு வைப்பது. வாயை மூடுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மெதுவாக இழுத்து, 6 எண்ணும் வரை விடுங்கள். வயிற்றில் வைத்த கை ஏறி இறங்க வேண்டும். நெஞ்சில் வைத்த கை சும்மா இருக்க வேண்டும். 5 நிமிடம் இப்படி. இதைப் பதறும்போது முதன்முதலாகச் செய்தால் வராது, நீச்சலை வெள்ளத்தில் பழக முடியாது என்பதைப் போல. காலை, மாலை அமைதியாக இருக்கும்போதே இரண்டு வாரம் பழகுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ கெட்டிருந்தால் அது ஆபத்து.

தாக்கம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணிக்குள் தணியும். மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம் அநேகமாக வீண்: மயக்கத்துக்கு ரத்த அழுத்தம் சரிய வேண்டும், பதற்றத்திலோ அது ஏறும்.

தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும், ரத்தம் குறைந்தாலும் இதே படபடப்பு வரும். மாடி ஏறும்போது, நடக்கும்போது நெஞ்சை அழுத்தினாலோ, வலி தாடைக்கோ இடது கைக்கோ பரவி வியர்த்துக் கொட்டினாலோ, ‘இதுவும் பதற்றம்தான்’ என்று உட்கார்ந்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சோதனைகள் எல்லாம் சரி என்றான பிறகும் ஐந்தாவது, ஆறாவது ஈசிஜி எடுக்கப் போனால் அது வைத்தியம் இல்லை. அதுவே நோயின் ஒரு பகுதி.

சீர்காழியிலிருந்து சிதம்பரத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நிற்க இடமில்லாத பஸ், கொள்ளிடம் பாலத்தின் நடுவில் டிராஃபிக். அன்றைக்கு வந்த பயம். அதற்குப் பிறகு பஸ் ஏறவே முடியவில்லை. அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். (பெண், 26)

அப்பாவின் பைக்தான் இப்போது உங்கள் பயத்துக்குச் சோறு போடுகிறது. அவர் மேல் குற்றமில்லை, எந்த அப்பாவும் அதைத்தான் செய்வார். ஆனால் பஸ்ஸைத் தவிர்த்த ஒவ்வொரு நாளும் மூளை ‘தப்பித்தோம்’ என்று எழுதிக்கொள்கிறது.

திரும்பப் பழக்குவதற்குப் படி போடுங்கள். ஒவ்வொரு படிக்கும் பயத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். முதல் படி, காலியான பஸ்ஸில் கொள்ளிடம் நிறுத்தம் வரை போய்த் திரும்புவது, பாலம் வேண்டாம். அடுத்தது, மதியம் 2 மணி வாக்கில், கூட்டமில்லாத பஸ்ஸில், தம்பியோ தோழியோ பக்கத்தில் உட்கார, பாலத்தைத் தாண்டி வல்லம்படுகையில் இறங்குவது. பிறகு அதே பயணம், துணைக்கு வந்தவர் பின் சீட்டில். பிறகு தனியாக. கடைசியாகக் காலை நெரிசலில், நின்றுகொண்டு. ஒரு படியில் மதிப்பெண் 3-க்கு இறங்கும் வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். வாரத்துக்கு நாலைந்து தடவையாவது செய்ய வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை செய்தால் ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான்.

இதில் பெரும்பாலோர் சறுக்குவது ஓரிடத்தில்: பயம் 8, 9 என்று ஏறும்போது இறங்கிவிடுவது. இறங்கியதும் பயம் சட்டென்று குறையும், ‘இறங்கியதால் பிழைத்தேன்’ என்று மூளை படித்துக்கொள்ளும். உச்சத்தில் இறங்காதீர்கள்; பாதியாகத் தணியும் வரை உட்காருங்கள். இன்னொரு சறுக்கல் கண்ணுக்குத் தெரியாதது. கண்ணை இறுக மூடிக்கொள்வது, கதவோர சீட்டுக்கு அடம் பிடிப்பது, நிமிடத்துக்கொரு முறை தண்ணீர் குடிப்பது. இவையும் ஒருவகைத் தப்பித்தல்தான். பாலத்தில் ஜன்னல் வழியாக ஆற்றைப் பாருங்கள். தனியாகச் செய்ய முடியவில்லை என்றால் இதையே கூட இருந்து செய்ய வைக்கும் உளவியலாளர்கள் இருக்கிறார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று கேளுங்கள்.

சம்பா அறுப்பு நெருங்கினாலே என் வீட்டுக்காரர் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து போனில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். சாப்பாடும் சரியில்லை. தூக்கத்துக்கென்று கொஞ்சம் குடிக்கவும் ஆரம்பித்திருக்கிறார். (ஒரத்தநாடு)

தை மாதம் ஒரு மழை வந்தால் சாய்ந்த பயிர் முளைத்துவிடும். அறுத்து மூட்டை கட்டினாலும் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தைத் தாண்டினால் சிக்கல். அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ‘கவலைப்படாதீங்க’ என்று சொன்னால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

கவலைக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். சாயங்காலம் 6 மணி, 20 நிமிடம், ஒரு நோட்டு. பக்கத்தை இரண்டாக மடித்து, ஒரு பக்கம் நம் கையில் இருப்பது: வடிகாலை வெட்டிவிடுவது, அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவைப்பது, தார்ப்பாய் வாங்குவது, பயிர்க் காப்பீட்டு ரசீதை எடுத்து வைப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்யப்போகும் நாள். மறுபக்கம் வானத்தின் கையில் இருப்பது. அதை எழுத மட்டும் செய்யலாம். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ‘6 மணிக்கு’ என்று தள்ளிவைக்க வேண்டும். முதல் வாரம் வேடிக்கையாக இருக்கும், பிறகு பிடிபடும். வானிலை பார்ப்பது காலையும் மாலையும் ஒரு தடவை, அதற்கு மேல் வேண்டாம்.

3 மணிக்கு விழித்து 20 நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து திண்ணையில் உட்காரட்டும். போன் உள்ளேயே இருக்கட்டும். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். குடி முதலில் தூங்க வைக்கும். சில மணி நேரத்தில் அது இறங்கும்போது உடம்பு முறுக்கிக்கொண்டு விழிக்கும். அந்த 3 மணி விழிப்புக்கு அந்தக் குடியும் ஒரு காரணமாக இருக்கும். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும்.

பசி குறைந்து, விடியுமுன் விழிப்பு, எதிலும் நாட்டமில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பதற்றத்தோடு மனச்சோர்வும் சேர்ந்ததாக இருக்கலாம். அப்போது ‘உயிரை விட்டுடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். வேறிடத்தில் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள். அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

அம்மாவுக்கு 63 வயது. இரண்டு வருடமாக மெடிக்கலில் பதற்றத்துக்கான அல்பிரசோலாம் 0.5 மாத்திரை வாங்கி ராத்திரி போடுகிறார். நிறுத்திவிடலாமா? (பாபநாசம்)

நிறுத்த வேண்டும், ஆனால் நாளைக்கே இல்லை. இவ்வளவு நாள் போட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு வரை போகும். டாக்டர் மேற்பார்வையில், சில வாரத்துக்கொரு முறை சுமார் பத்தில் ஒரு பங்கு குறைத்து, மாதக்கணக்கில் இறக்க வேண்டும். இந்த மருந்து பொதுவாக 2 முதல் 4 வாரத்துக்கு மட்டும்தான். சீட்டில்லாமல் கொடுக்கவே கூடாத எச்1 பட்டியல் மருந்து இது. கடைக்காரர் வாங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த வயதில் இந்த மாத்திரையோடு ராத்திரி பாத்ரூம் போய் விழுந்து இடுப்பு எலும்பு முறிவதும் உண்டு.

நீண்ட கால மருந்து வேறு: எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. இவற்றுக்கு அடிமையாகிவிட மாட்டார்கள். பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். முதல் பத்து நாளில் குமட்டலும் கொஞ்சம் கூடுதல் படபடப்பும் வரலாம். ‘மாத்திரை ஒத்துக்கலை’ என்று பலர் விடுவது அங்கேதான். அதனால்தான் பாதி அளவில் தொடங்குகிறார்கள். குணமான பிறகும் 6 முதல் 12 மாதம் தொடர வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

மாதம் ஒரு தடவை வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி ஜோதிட ஏடு பார்க்கிறேன். பார்த்த அன்றைக்கு நிம்மதி, நாலாம் நாள் மறுபடி பயம். (மயிலாடுதுறை)

ஏடு சரியா தப்பா என்பது எங்கள் வேலை இல்லை. ஒரு நாளைக்குப் பத்து முறை பிபி மெஷின் வைப்பவருக்கும் உங்களுக்கும் நடப்பது ஒன்றுதான்: உறுதி கிடைத்ததும் நிம்மதி, அது கரைந்ததும் இன்னொரு உறுதி தேவை, இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு தடவையைத் தள்ளிப்போட்டுப் பாருங்கள், முதலில் ஒரு வாரம், பிறகு ஒரு மாதம். கோயிலுக்குத் தாராளமாகப் போங்கள். மனநோய் தீர வேண்டிக்கொண்டு குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கினாலும், டாக்டர் தந்த மாத்திரை இருந்தால் அதை மட்டும் கூடவே எடுத்துப்போங்கள்.

கும்பகோணத்துக்காரன், டிகிரி காபியை விடச் சொல்லிவிடாதீர்கள்.

விடச் சொல்லவில்லை. டிகாஷனின் திடத்தைப் பொறுத்து ஒரு டம்ளரில் சுமார் 80 முதல் 100 மில்லிகிராம் காஃபின் இருக்கும். நல்ல உடம்புள்ளவருக்கே நாளைக்கு 400 தான் எல்லை, பதற்றக்காரருக்கு இன்னும் குறைவு. மாலை 5 மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி இரவு 10 மணிக்கும் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து, காலையில் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரேயடியாக விட்டால் மறுநாளே தலை பிளக்கும், அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று பதறுவீர்கள்.