ராமா போன மார்க்கெட்

கேள்வி: 'ராமா வென்ட் டு த மார்க்கெட்' மாதிரி நூறு இறந்தகால வாக்கியங்களை 'ஐ', 'ஹீ', 'ஷீ' என்று மாற்றி மாற்றி மனப்பாடம் செய்தால் ஆங்கிலம் பேச வந்துவிடும் என்கிறார் டியூஷன் மாஸ்டர். நம்பலாமா? 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றும்தான் பிடிபடவே மாட்டேன் என்கின்றன.
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மாஸ்டர் இருக்கட்டும், முதலில் அந்த ராமாவை விசாரிப்போம். பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனவன் இன்னும் வீடு திரும்பவில்லை. வாங்கப் போனது கத்தரிக்காயா கருணைக்கிழங்கா, அதையும் எந்த இலக்கணப் புத்தகமும் சொல்வதில்லை. நடுவில் செயப்பாட்டுவினைப் பாடத்துக்காக ஒரு நடை போய் ராவணனைக் கொல்கிறான். 'ராவணா வாஸ் கில்ட் பை ராமா' என்று எழுதி முடிப்பதற்குள் மறுபடி மார்க்கெட்.

அது போகட்டும். ராமன் எப்படி 'ராமா' ஆனான்? தமிழில் 'ராமா' என்பது விளி, அதாவது ஆளைக் கூப்பிடும் எட்டாம் வேற்றுமை. மாஸ்டர் 'ராமா வென்ட்' என்று ஆரம்பித்தால் நம் காதில் 'அடேய் ராமா, யாரோ மார்க்கெட்டுக்குப் போனார்களாம்' என்றுதான் விழுகிறது. 'ராமன் வென்ட்' என்று எழுதினால் ஆங்கிலம் கோபித்துக்கொள்ளாது. இதைச் சொல்லிச் சொல்லி நம் பேனா தேய்ந்ததுதான் மிச்சம், புத்தகம் போடுகிறவர்கள் மசிவதாயில்லை.

மனப்பாடத்துக்கு நூறு எதற்கு? ஒன்றைப் பிரித்து மேயுங்கள். 'ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மதுரைக்குப் போனான்.' இதை வாலிலிருந்து படியுங்கள்: போனான், மதுரைக்கு, பஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமை. 'ஹீ வென்ட் டு மதுரை பை பஸ் ஆன் சண்டே.' அப்படியே கண்ணாடிப் பிம்பம். ஊருக்குப் பின்னால் ஒட்டியிருந்த 'கு' அங்கே ஊருக்கு முன்னால் 'டு' ஆகிறது. 'போனான்' என்பதன் கடைசியில் இருந்த 'ஆன்' கழன்று, வாக்கியத்தின் தலையில் 'ஹீ' என்று உட்கார்கிறது.

போனேன், போனாய், போனாள், போனது என்று நம் வினையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 'வென்ட்' மொட்டை, போனது யானையா எம்.எல்.ஏ.வா, அதற்குத் தெரியாது. ஆகவே 'ஹீ'யோ 'இட்'டோ முன்னால் வந்தே தீர வேண்டும். 'நான்', 'அவன்' என்பதைச் சொல்லாமலே விடுகிற தோன்றா எழுவாய்ப் பழக்கத்தில் நம்மவர்கள் 'யெஸ்டர்டே வென்ட் டு மதுரை' என்று ஆரம்பித்துச் சறுக்குவது இங்கேதான். இன்னொரு பக்கம் லாபமும் உண்டு: யார் போனாலும் 'வென்ட்' மாறாது. ஆளுக்கேற்ப மாறுகிற இறந்தகாலம் 'வாஸ்', 'வேர்' ஒன்றுதான். 'ஹீ கோஸ்' என்று நிகழ்காலத்தில் ஒட்டுகிற 'ஸ்' தொல்லையும் இல்லை. இறந்தகாலத்தில் ஆரம்பித்த மாஸ்டருக்கு அந்த மட்டில் ஒரு சபாஷ்.

'கோ' எப்படி 'வென்ட்' ஆயிற்று என்று ஆங்கிலத்தைக் கேலி செய்யாதீர்கள். 'வென்ட்' வேறொரு பழைய வினையின் இறந்தகாலம், தத்துப் பிள்ளையாக வந்து சேர்ந்தது. 'சா' நம்மிடம் 'செத்தான்' ஆகவில்லையா? நன்னூல் த், ட், ற், இன் என்று இறந்தகாலத்துக்கு நான்கு இடைநிலை சொல்கிறது. ஆங்கிலத்தில் ஒழுங்கான வினைகளுக்கு 'இ-டி' என்ற ஒரே விகுதிதான். அதையும் நாம் 'காலெட்', 'வாக்கெட்' என்று இழுக்கிறோம். சொல் டகர ஓசையில் முடிந்தால் மட்டும் தனி அசை: வான்டிட், நீடிட். மற்றதெல்லாம் கால்ட், வாக்ட், ஸ்டாப்ட்.

'டிட் நாட் வென்ட்' என்று சொல்லிவிட்டு, 'இறந்தகாலம்தானே சார்?' என்று கேட்பவர்கள் உண்டு. நாம் 'போனவில்லை' என்றா சொல்கிறோம்? 'போகவில்லை' என்கிறோம். 'இல்லை' வந்ததும் 'போ' தன் காலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. 'டிட்' வந்ததும் 'வென்ட்' பழையபடி 'கோ' ஆவதும் அதே நியாயம்.

'வித் ஹீ'யும் இந்த ஜாதிதான். 'நானோடு' என்று யாரும் சொல்வதில்லை, 'என்னோடு'தான். ஆகவே 'வித் மீ' நமக்குச் சுலபம். 'அவன்' மட்டும் 'அவனோடு' என்று உருமாறாமலே நிற்பதால் 'ஹீ'யையும் அப்படியே நிறுத்திவிடுகிறோம். 'வித்', 'டு' போல பெயருக்கு முன்னால் வருகிற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் ஹிம், ஹெர், அஸ், தெம்தான்.

இனி உங்கள் 'இன்', 'ஆன்', 'அட்'. வில்லன் நம்முடைய 'இல்'. பெட்டியில், சுவரில், வாசலில், மூன்றுக்கும் ஒரே உருபு போட்டு ஒப்பேற்றுகிறோம். ஆங்கிலம் பிரித்துக் கேட்கும்: உள்ளேயா, 'இன்'. பரப்பின் மேல் ஒட்டியா, 'ஆன்'. ஒரு புள்ளியாக நினைக்கிறோமா, 'அட்'. பஸ், ரயில், விமானம் போல எழுந்து நடக்க இடமிருந்தால் 'ஆன்'. கார், ஆட்டோ போல முடங்கி உட்கார்ந்தால் 'இன்'. பயணம் போன விதத்தைச் சொன்னால் 'பை பஸ்', நடுவில் 'த' கிடையாது. நேரத்தில் 5 மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் வருஷத்துக்கும் 'இன்'. காலை 'இன் த மார்னிங்', ஆனால் ஞாயிறு காலை 'ஆன் சண்டே மார்னிங்'. இரவு மட்டும் 'அட் நைட்'. ஏன் என்று கேட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 'லாஸ்ட் சண்டே', 'யெஸ்டர்டே' இரண்டுக்கும் முன்னால் எதுவும் வேண்டாம்.

நம் உருபுகள் வேண்டாத இடத்தில் கசிவதும் உண்டு. 'எனக்குச் சொன்னான்' என்பதிலுள்ள 'கு' 'டோல்ட் டு மீ' ஆகிறது, 'டோல்ட் மீ' போதும். 'கேம் டு ஹோம்' வேண்டாம், 'கேம் ஹோம்'. 'டிஸ்கஸ்ட் அபௌட்' என்பதில் 'அபௌட்' தண்டம். 'மேரீட் வித் ஹிம்' என்பதில் 'வித்'தை எடுத்துவிடுங்கள், கல்யாணம் செல்லும்.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. 'வீ வென்ட் டு எ வெட்டிங்' என்றால் கேட்பவரும் பந்தியில் இருந்தாரா இல்லையா என்பது தெரியாது. அதற்காகவே நாம், நாங்கள் என்று இரண்டு வைத்திருக்கிறோம். வைத்திருந்து என்ன? 'நமது ஷோரூமில் ஆடித் தள்ளுபடி' என்று போர்டு மாட்டுகிறார்கள். நமது என்றால் வாங்க வந்தவளுக்கும் பங்கு உண்டே, அப்புறம் பங்காளியிடம் எதற்குப் பில் நீட்டுகிறார்கள்?