அடித்து எழுதிய சொல்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஊழியத்துக்கு விளி இருக்கிறது என்று மூன்று வருடமாக மனதில் ஒரு பாரம். மூன்று ஊழியர்கள் ஜெபித்துச் சொன்னார்கள். ஒருவர் வடநாட்டுக்குப் போ என்கிறார், ஒருவர் வேதாகமக் கல்லூரியில் சேர் என்கிறார், ஒருவர் தன்னோடு வந்து கீபோர்டு வாசிக்கச் சொல்கிறார். கர்த்தர் என்னை எதற்கு அழைத்திருக்கிறார் என்று எப்படி அறிவது?

— பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், பாறசாலை

பதில்: கடை பில்லின் பின்பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது வரியில் ‘அழைப்பு’ என்று எழுதி, ஒரே கோட்டில் அடித்து, மேலே ‘விளி’ என்று போட்டிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். அந்தக் கோடு போட்ட கையைப் பிடித்து முதலில் ஒரு குலுக்கு குலுக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பில் ‘அம்மா என்னை விளித்தாள்’ என்று கட்டுரை எழுதியதற்காகத் தமிழாசிரியரிடம் பிரம்படி வாங்கியவன் நான். “மலையாளத்தை இங்கே கொண்டு வராதே” என்றார். வீட்டில் அம்மா விளித்தாள், அத்தை விளித்தாள், கல்யாணம் விளிக்க ஊரே வந்துபோனது. பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் எல்லோரும் அழைத்தார்கள். அந்த ஆசிரியர் இன்று இல்லை. அவர் இடத்தில் சென்னை வாசகர் ஒருவர் இருக்கிறார். இரண்டு இதழுக்கு ஒருமுறை நம் பக்கங்களில் ‘மலையாளக் கலப்பை’ச் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்புவார். இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் நான்காம் இயல் பெயரே விளிமரபுதான். எட்டாம் வேற்றுமைக்கு அழைப்பு வேற்றுமை என்று எவரும் பெயர் வைக்கவில்லை. பாறசாலை கேரளத்தில் இருப்பதால் நீங்கள் படித்தது மலையாள மீடியமாக இருக்கும். அங்கே ‘தெய்வவிளி’ என்று கேட்ட பழக்கத்தில் எழுதியிருப்பீர்கள். இருக்கட்டும். எங்கிருந்து எடுத்தாலும் பொருள் நம் வீட்டுப் பொருள்.

அழைப்பு என்ற சொல்லை மண்டபத்துக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாப்பிள்ளை அழைப்பு, பெண் அழைப்பு, அழைப்பிதழ், வாசலில் அழைப்பு மணி. விளிக்கு அந்தக் கதி வரவில்லை. நம் பக்கத்தில் கல்யாணத்துக்கு விளிப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பொடிப்பயலிடம் கார்டு கொடுத்துவிட்டால் அது விளி ஆகாது. வீட்டுக்காரரும் அம்மாவும் சேர்ந்து படியேறி வந்து, உட்கார்ந்து, தேதியை வாயால் சொல்ல வேண்டும். இல்லையென்றால் “எங்கள ஒழுங்கா விளிக்கல்ல” என்று மூன்று தலைமுறைக்குப் பேச்சு நிற்கும். உங்களிடம் வந்த மூன்று ஊழியர்களும் கார்டு கொண்டுவந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியுமா என்றும் எழுதவில்லை. தெரியாதென்றால் மூன்றில் ஒன்று கழிந்தது.

விளிமரபில் ஒரு நூற்பா உண்டு: “அண்மைச் சொல்லே இயற்கை யாகும்.” நம்பி என்ற பெயரை விளித்தால் நம்பீ ஆகும். ஆள் தூரத்தில் நின்றால் இன்னும் இழுக்க வேண்டும். மாத்திரை அளவு கடந்து ஓடும் என்று அதற்கும் இலக்கணம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவனை விளிக்க எதுவும் வேண்டாம். நம்பி என்றாலே திரும்புவான். நம் ஊர் கன்வென்ஷன் கூட்டத்தில் என்ன நடக்கிறது? ரப்பர் தோட்டத்து மரத்துக்கு மரம் குழாய் கட்டி, எக்கோவை முழுக்கத் திருகிவிட்டு, “சகோதரனேஏஏ” என்று இழுக்கிறார்கள். தொல்காப்பியப்படி பார்த்தால் அது வெகுதூரத்தில் நிற்கும் ஆள் விளிக்கிற விளி. மூன்று வருடமாக நீங்கள் காத்திருப்பது இந்த இழுவைக்குத்தான் என்று சந்தேகப்படுகிறேன். உங்கள் கடவுள் பக்கத்தில் இருக்கிறவர் என்றால் அவர் எதற்கு இழுக்க வேண்டும்?

வேதாகமத்துச் சாமுவேல் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். களியக்காவிளையில் (விளை, விளி அல்ல, கேரளத்து நண்பர் ஒருவருக்கு இதை இன்னும் விளக்கிக்கொண்டிருக்கிறேன்) பஸ் ஸ்டாண்டில் நின்றால் முன்பெல்லாம் போன் எல்லைக்கு அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துவிடும். பேசுவது அடுத்த தெருவோடு, காசு போவது ரோமிங் கணக்கில். பையன் சாமுவேலுக்கும் இதே கோளாறு. ராத்திரி கர்த்தர் விளித்த சத்தம் சரியாகத்தான் கேட்டது. டவர் மாறிப்போய் மூன்று தடவையும் ஆசாரியர் ஏலியிடம் ஓடினான். “நான் விளிக்கவில்லை, போய்ப் படு” என்று ஏலி சொன்னாரே, அந்த ஒரு வரிக்காக அவரை நான் மதிக்கிறேன். இன்று ஒரு பையன் ராத்திரி ஓடிவந்து “விளித்தீரா?” என்று கேட்டால் நம் ஊழியர்கள் உடனே கையில் கீபோர்டைக் கொடுத்துவிடுவார்கள்.

அன்று ராத்திரி கர்த்தர் சொன்னதில் சாமுவேலுக்கு ஒரு பதவியும் இல்லை. ஏலியின் வீட்டுக்கு வரப்போகும் தண்டனைதான் செய்தி. பையன் விடியும்வரை படுத்திருந்தான். பிறகு எழுந்து ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். நேற்றும் அவன்தான் திறந்திருப்பான். இந்த வசனத்தை வைத்து யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

பழைய ஏற்பாட்டு ஆமோஸைப் பற்றிச் சொல்லவில்லை என்றால் எனக்குத் தூக்கம் வராது. “நான் தீர்க்கதரிசியுமல்ல, தீர்க்கதரிசியின் புத்திரனுமல்ல” என்றான் அவன். மந்தை மேய்த்தவன், காட்டத்திப்பழம் பொறுக்கியவன். இப்போது குழித்துறைப் பாலத்திலிருந்து உங்கள் ஊர்வரை உள்ள ஃபிளெக்ஸ்களைப் பாருங்கள். தகப்பனுக்குப் பக்கத்தில் மகன் கோட்டு சூட்டோடு சிரிக்கிறான். தீர்க்கதரிசியின் புத்திரன் என்பதே இன்று முதல் தகுதி.

பாறசாலையில் ரயில் ஏறினால் இரணியலில் இறங்கலாம். அங்கிருந்து நெய்யூர் பக்கம். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவில் ஹோவர்ட் சாமர்வெல் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். பனிச்சரிவில் சுமைதூக்கிகள் ஏழு பேர் செத்து அந்தப் பயணம் முடிந்தது. ஊருக்குத் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் ஆசுபத்திரியை எட்டிப் பார்த்தார். நோயாளிகள் வரிசை நீளமாக நிற்கிறது, அறுவைக்குக் கத்தி பிடிக்க ஒரே ஒருவர். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். மலை ஆசை மட்டும் விடவில்லை. 1924இல் மறுபடி போனார். சுமார் 28,000 அடி உயரத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றது. செத்தோம் என்று உட்கார்ந்தவர், நெஞ்சை இரு கையாலும் அமுக்கி இருமி, குளிரில் செத்துப்போன தொண்டைச் சவ்வைத் துப்பிவிட்டு இறங்கினார். பிறகு நெய்யூரில் பல்லாண்டுகள். அவர் காதில் குரல் விழுந்ததோ இல்லையோ, கண்ணில் ஒரு வரிசை விழுந்தது.

‘முழுநேர ஊழியம்’ என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் இருக்கிறது. நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். மனைவி உண்டு, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் உத்தியோகம் உண்டு. குருவாகவில்லை, துறவியாகவில்லை. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். புனிதர் பட்டம் 2022இல்தான் வந்தது. பழந்தமிழில் விளித்தல் என்றால் கூப்பிடுவது, விளிதல் என்றால் இறப்பது. ஒரே ஒரு எழுத்து கழிகிறது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை; சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இப்படியே விட்டால், மொழிவாரியாக மாநிலம் பிரித்த 1956 நவம்பர் 1க்கு வந்துவிடுவேன். விளவங்கோடு இங்கே தமிழ்நாட்டுக்கு வந்து, உங்கள் நெய்யாற்றின்கரை அங்கே கேரளத்தில் நின்றதால்தான் நீங்கள் ‘அழைப்பை’ அடிக்க வேண்டியதாயிற்று என்று தொடங்கி, தேவிகுளம் பீர்மேடு வழியாக அடுத்த இதழ்வரை போவேன். போன தடவை அப்படிப் போனதற்கு வந்த கடிதங்கள் இன்னும் மேசையில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன.

உங்கள் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பில்லில் மலையாளத்தில் மூன்று வரி. அரை எச்.பி. மோட்டார் ஒன்று, காயில் (கம்பிச்சுருள்) மாற்றணும். மிக்சி ஒன்று. கடைசியில்: பள்ளிக்கூட ஃபேன் 3, சனிக்கிழமை தரணும், காசு வேண்டாம். கடிதத்தில் நீங்கள் போட்ட தேதி அதற்கு அடுத்த செவ்வாய். ஃபேன் போய்ச் சேர்ந்ததா? மே மாதம், பிள்ளைகளுக்கு லீவுதான் என்று வைத்திருந்தால் சரி. ஜூன் 1 அன்று பள்ளிக்கூடம் திறக்கிறார்கள்.