மரக் கம்பனியின் காடும் மானும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், வொஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறான். ஒக்டோபரில் அவனிடம் போகிறோம். அங்கே ஒரு மரக் கம்பனியின் காட்டுக்குள் போய்வர வருடப் பெர்மிட் எடுத்திருக்கிறானாம். "வாங்கோ அப்பா, மான் வேட்டைக்குப் போவம்" என்கிறான். நான் 1966 இல் பிறந்தவன். தனியார் காடு, பெர்மிட்டும் இருக்கிறது. வேறென்ன தேவை? அங்கே முடியுமென்றால், மஸ்கெலியாவில் மைத்துனர் வேலை செய்யும் தோட்டத்தில், துரை சம்மதித்தால் ஏன் முடியாது?
வாசகர், வெள்ளவத்தை

பதில்: ஐயா, அந்தப் பெர்மிட்டில் யார் யார் அடங்குகிறார்கள் என்று மகனிடம் முதலில் கேளுங்கள். பெரும்பாலும் எடுத்தவர், அவருடைய மனைவி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்த அப்பாவுக்கு அதில் இடமிருக்காது. அப்படியானால் கேற்றைத் தாண்டியதுமே நீங்கள் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிடுவீர்கள்.

அடுத்தது, அந்தப் பெர்மிட் கேற்றுக்கு மட்டும்தான். மண், மரம், பாதை எல்லாம் கம்பனியுடையவை. மான் கம்பனியுடையது அல்ல. காட்டு விலங்குகளை மக்களுக்காக மாநில அரசு வைத்துப் பராமரிக்கிறது என்பதுதான் அந்த நாட்டுச் சட்டம். ஆகவே மாநில மீன், வனவிலங்குத் திணைக்களத்தின் வேட்டை லைசனும் மானுக்கான சீட்டும் உங்கள் பெயரிலேயே வேண்டும். வெளியூர்க்காரருக்கு அதற்குக் கட்டணம் கூட. 1972 ஜனவரி 1 க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை.

விசிட் வீசாவில் போகிறவர் துவக்கு வைத்திருப்பதை அமெரிக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசன் அதற்கு ஒரு விலக்கு. லைசன் கைக்கு வருமுன் மகனுடைய துவக்கை ஆசைக்குக்கூடத் தொடாதீர்கள். துவக்கைக் கைமாற்றுவதற்கு அந்த மாநிலத்தில் தனி விதிகளும் உண்டு, மகன் விசாரித்து வைக்கட்டும்.

அமெரிக்காவில் என் மகளிடம் போயிருந்தபோது அந்தப் பக்கத்துக் கேற் ஒன்றின் முன்னால் நானும் நின்றேன். 30 வருடம் தோட்டங்களில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன் என்பதால் பார்வை மரங்களில்தான் போனது. ஒரு மலைச் சரிவை முழுதாக வெட்டி டக்ளஸ் ஃபேர் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகளை நட்டிருந்தார்கள். வெட்டிய இடத்தில் வெயில் விழுந்து புதரும் தளிரும் கிளம்பும், அதை மேயக் கருவால் மான்கள் வரும். வேட்டைக்காரர் இந்தக் காடுகளைத் தேடிப் போவதன் காரணம் அதுதான். 1900 இல் டக்கோமாவில் தொடங்கிய வெயர்ஹவுசர் கம்பனிக்கு மட்டும் அமெரிக்கா முழுக்க 1 கோடி ஏக்கருக்கு மேல் மரக்காடு இருக்கிறது. நம் நாடு மொத்தமே ஏறக்குறைய 1 கோடி 62 இலட்சம் ஏக்கர்.

முன்பு அங்கே பல காடுகளில் சும்மா நடந்து போகலாம். 2010 க்குப் பிறகு பல இடங்களில் காசுக்குப் பெர்மிட் என்றாகிவிட்டது. குப்பை கொட்டுவதையும் கன்று மிதிபடுவதையும் தோட்டத்தில் பார்த்தவன் நான், கம்பனியின் எரிச்சல் புரிகிறது. ஆனால் தகப்பன் காலத்திலிருந்து அந்தப் பாதையில் போய், குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்த்த மரவெட்டிக் குடும்பங்களை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது. அவர்கள் காசு கட்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது.

போகிற நாளில் மகன் கம்பனி அறிவிப்பைப் பார்க்கட்டும். வரட்சியில் தீ அபாயம் என்றால் பெர்மிட் இருந்தாலும் காட்டை மூடிவிடுவார்கள். துவக்கால் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலமாவது பளிச்சென்ற செம்மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு உடுப்பு வேண்டும். மான் கிடைக்காவிட்டாலும் ஜனவரி 31 க்குள் திணைக்களத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், ஊருக்குத் திரும்பிய பிறகு பலர் மறப்பது இதைத்தான்.

சரி, மஸ்கெலியா. முடியாது ஐயா. துரை சம்மதித்தாலும், கம்பனியே எழுதிக் கொடுத்தாலும் முடியாது. 1937 இன் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மரை, புள்ளிமான், சருகுமான் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. தோட்டத்து டர்பன்டைன் மரக் காட்டுக்குள் நின்றாலும் அப்படியே. இறைச்சியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மைத்துனர் ஆசையாகப் பொதி கட்டித் தந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: என் அக்கா தோட்ட லயத்துக்குப் பக்கத்தில் மரக்கறி போடுகிறார். காட்டுப்பன்றி எல்லாவற்றையும் கிளறிப் போடுவதால் அத்தான் சுருக்குக் கம்பி கட்டுகிறார். பன்றிக்குத்தானே, பிழையா?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: பிழைதான் தங்கச்சி. கம்பிக்குப் பன்றி எது, மரை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் மரக்கறித் தோட்டப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்துப்போனது. எங்கள் டிவிஷனிலும் ஒருமுறை விடியப்புறம் போய்ப் பார்த்தால் சினை மரை ஒன்று. கழுத்தை இறுக்கியிருந்தது. இன்றும் அது கண்ணுக்குள் நிற்கிறது.

அக்காவின் நஷ்டம் சின்ன நஷ்டம் இல்லை, அது தெரியும். பழைய தகரத்தை அடியில் அரை அடி மண்ணுக்குள் புதைத்து வேலி கட்டச் சொல்லுங்கள். அழுகின மரக்கறியைத் தோட்டத்து ஓரத்தில் கொட்ட வேண்டாம், அந்த வாசனைக்குத்தான் பன்றி முதலில் வருகிறது. கட்டின கம்பிகளை இன்றைக்கே கழற்றட்டும். ஏற்கெனவே ஏதாவது மாட்டியிருந்தால் கிட்டப் போக வேண்டாம், கூட்டம் கூடினால் அது உதறும், உதற உதறக் கம்பி இறுகும். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.